சித்தப்பாவின் சாளரம் வெளுத்த கதை

சித்தப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாடுதுறையில் இருக்கிறார். அவர் வேலை பார்த்த பள்ளியின் பழைய ஆண்டு மலர்களை முன்னாள் மாணவர் ஒருவர் ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லாம் படமாக இருக்கிறதே தவிர எழுத்தாக இல்லை. ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால்கூட பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். "இதிலேர்ந்து எழுத்தை மட்டும் உரிச்செடுக்க முடியாதாப்பா?" என்று கேட்டார். முடியும் சித்தப்பா என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

உரிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்க பாப்ளர் தொகுப்பில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்க டெசராக்ட் இருக்கிறது. 1980களில் எச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாகி, 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலையமைப்பை வைத்துப் படிக்கிற பழம்பெரும் மென்பொருள் அது. தமிழ் மொழிக் கோப்பைச் சேர்த்துவிட்டால், அச்சு சுத்தமாக இருக்கும் பக்கங்களை ஆச்சரியப்படும்படி படிக்கும். என் லினக்ஸ் கணினியில் இரண்டையும் இணைத்துப் பதினைந்து வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆனால் சித்தப்பாவிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொன்னால் அவர் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது ஒரு விண்டோ (அவர் மொழியில் சாளரம்), அதில் "கோப்பைத் தேர்ந்தெடு" என்று ஒரு பட்டன், "தொடங்கு" என்று ஒரு பட்டன், எத்தனை பக்கம் முடிந்தது என்று காட்ட ஒரு பட்டை.

சரி, முகப்பை பைத்தான் மொழியில் க்யூட்டி (விண்டோ, பட்டன்களை வரைந்து தரும் நூலகம்) வைத்து எழுதலாம், பட்டனை அழுத்தினால் அந்த இரண்டு கருவிகளையும் சைல்டு ப்ராசஸாக (என் புரோகிராம் துவக்கிவைக்கும் தனிப் புரோகிராமாக) ஓடவிடலாம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். சைல்டு ப்ராசஸைத் துவக்குவது உண்மையிலேயே ஒரு வரிதான். பைத்தானில் அதற்கான சப்ப்ராசஸ் மாட்யூல் 2004இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதி, ஒரு பக்கத்தை வைத்துச் சோதித்து, அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஃபோன். "தம்பி, உன் சாளரம் வெளுத்துப்போச்சு."

வெளுத்துத்தான் போகும். விண்டோ உள்ள எந்தப் புரோகிராமும் அடிப்படையில் ஒற்றை ஆள் நடத்துகிற டீக்கடை மாதிரி. டீ ஆற்றுவதும் அவர், காசு வாங்குவதும் அவர், கிளாஸ் கழுவுவதும் அவர். மவுஸ் நகர்ந்தது, பட்டன் அழுத்தப்பட்டது, மேலே மூடியிருந்த இன்னொரு விண்டோ விலகியது, உன் முகத்தைத் திரும்ப வரைந்து காட்டு என்று இயங்குதளம் அனுப்பும் செய்திகள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும். ஒரு லூப் அவற்றை எடுத்து எடுத்துக் கவனிக்கும். என் "தொடங்கு" பட்டனுக்குள் நான் எழுதியிருந்தது என்ன? டெசராக்டை ஓடவிட்டு, அது முடியும்வரை அங்கேயே நில். டீ மாஸ்டர் பால் வாங்கக் கடையைப் போட்டுவிட்டுப் போன கதை. அவருடைய லேப்டாப்பில் ஒரு பக்கத்துக்கு எட்டு ஒன்பது விநாடி ஆகிறது. விண்டோஸோ 5 விநாடிக்கு ஒரு புரோகிராம் தன் செய்திகளை எடுக்கவில்லையென்றால் அது தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி, அதன் கடைசி முகத்தைப் படமெடுத்து மேலே மாட்டிவிடும். தலைப்பில் "பதிலளிக்கவில்லை" என்று சேர்ந்துகொள்ளும், தொட்டால் வெளுக்கும். என் மேஜைக் கணினியில் ஒரு பக்கம் இரண்டு விநாடியில் முடிந்ததால் எனக்கு இது தெரியவே இல்லை.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, நானும் அதில்தான் விழுந்தேன். பக்கத்துக்குப் பக்கம் நடுவில் "இப்போது சேர்ந்திருக்கும் செய்திகளை ஒரு தடவை கவனி" என்று லூப்பைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுவது. வெளுப்பு குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் "தொடங்கு" வேலைக்கு நடுவில் செய்திகளைக் கவனிக்கச் சொன்னால், அந்தச் செய்திகளில் இன்னொரு "தொடங்கு"ம் இருக்கலாம் அல்லவா? சித்தப்பா பொறுமையில்லாமல் வேறொரு மலரைத் தேர்ந்தெடுத்து இரண்டாம் முறை அழுத்தியிருக்கிறார். முதல் ஓட்டத்தின் வயிற்றுக்குள் இரண்டாம் ஓட்டம் கிளம்பி, ஒரே ஃபோல்டரில் ஒரே பெயருள்ள கோப்புகளை எழுதி, 1974ஆம் ஆண்டு மலரும் 1981ஆம் ஆண்டு மலரும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. விளையாட்டு விழா அறிக்கை ஒரு இரங்கற்பாவில் போய் முடிந்தது. அவர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார், அதனால் பிழைத்தேன்.

அடுத்த பதிப்பில் காத்திருக்கும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு (அதே புரோகிராமுக்குள் கூடவே நடக்கும் இன்னொரு ஓட்டத்துக்கு) தள்ளினேன். இனி டீ மாஸ்டர் கடையில் இருப்பார், பால் வாங்க வேறு ஆள். கூடவே வேகத்துக்காக, பக்கத்துக்கு ஒரு டெசராக்ட் என்றில்லாமல் எல்லாப் படங்களின் பட்டியலையும் ஒரே டெசராக்டிடம் கொடுத்தேன். என் கணினியில் 300 பக்க மலர் ஒன்று முழுதாக ஓடியது. அவருடையதில் ஐம்பதாவது பக்கத்தை ஒட்டி நின்றது. விண்டோ வெளுக்கவில்லை, பிழை வரவில்லை, சும்மா நின்றது. திரும்ப ஓட்டினால் திரும்பவும் ஐம்பதை ஒட்டி. 

எனக்கு இது இரண்டு வாரத்தைத் தின்றது. முதலில் அந்தப் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை நீக்கிப் பார்த்தேன், அடுத்த பக்கத்தில் நின்றது. நினைவகம் போதவில்லையோ என்று பார்த்தேன், ஏகப்பட்டது காலி. கடைசியில் ஒரு இரவு, டெசராக்ட் ஓடும்போது ஓயாமல் ஏதோ முணுமுணுக்குமே, அது எங்கே போகிறது என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. இது எத்தனையாவது பக்கம், ரெசல்யூஷனை இவ்வளவு என்று ஊகிக்கிறேன், 41 மேல்புள்ளிகளைக் கண்டேன், இது வெற்றுப் பக்கம் என்று பிழைச்செய்திகளுக்கான வாயில் வழியாக அது பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சைப் பிற்பாடு காட்டலாம் என்று நான் ஒரு பைப் (ஒரு புரோகிராமின் பேச்சை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்) போட்டிருந்தேன். பைப்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு. லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட். விண்டோஸில், பைத்தான் போட்ட அந்தப் பைப்பை நான் அளந்து பார்த்தபோது 4,096 பைட்தான். பக்கத்துக்கு எண்பது பைட் பேச்சு என்று வைத்தால் ஐம்பத்திரண்டாவது பக்கத்தில் குழாய் நிரம்பிவிடும். நிரம்பினால் எழுதுகிறவன், யாராவது மறுமுனையில் கொஞ்சம் எடுக்கும்வரை, எழுதிய இடத்திலேயே நிற்பான். மறுமுனையில் இருப்பது என் த்ரெட். அது என்ன செய்கிறது? டெசராக்ட் முடியட்டும், அப்புறம் மொத்தமாகப் படிக்கலாம் என்று காத்திருக்கிறது. நீ முடித்தால் நான் படிப்பேன், நீ படித்தால் நான் முடிப்பேன். என் கணினியிலும் இதே தவறுதான் இருந்தது, குழாய் பெரிது என்பதால் 300 பக்கம் தாங்கியது. 1,000 பக்கம் கொடுத்திருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

பைத்தான் ஆவணத்தில் இந்த எச்சரிக்கை கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன்கூட. படித்தபோது 'அவ்வளவு பேச்சு யார் பேசப்போகிறார்கள்' என்று தாண்டிப்போயிருக்கிறேன்.

இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எது நின்றாலும் இப்போது முதலில் தாளில் ஒரு கோடு போட்டு, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதுவேன். முகப்பும் சைல்டும் சேர்ந்து இயங்குகிற புரோகிராமில் எனக்கு வந்த கோளாறுகளில் முக்கால்வாசி, எங்கோ ஒளிந்திருந்த ஒரு காத்திருப்புதான்.

அதற்கப்புறம் வரி வரியாக, வர வரப் படிப்பது என்று மாற்றினேன். டெசராக்டின் பேச்சு ஒழுங்காக வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஓடும், நானே எழுதிய ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட் (உடைந்த சொற்களை ஒட்டவும், ரகரத்தைக் காலென்றும் காலை ரகரமென்றும் மாற்றிப் படித்த இடங்களைக் குறிவைத்துத் திருத்தவும் எழுதியது, அது தனிக் கதை) ஒரு வரிகூடக் காட்டாமல் நெடுநேரம் இருந்துவிட்டு, திடீரென்று அறுபது எழுபது வரியைக் கொட்டும். மறுபடி மௌனம். மறுபடி கொட்டல். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்புத் திரையில்) ஓட்டினால் மட்டும் யோக்கியமாக ஒவ்வொரு வரியாக எழுதுகிறது.

வாத்தியார் பார்க்கும்போது ஒரு மாதிரி, பார்க்காதபோது ஒரு மாதிரி நடக்கும் பையன்கள் போல, பெரும்பாலான புரோகிராம்கள் தம் வெளியீட்டின் மறுமுனையில் இருப்பது மனிதர் பார்க்கும் டெர்மினலா அல்லது வெறும் பைப்பா என்று பார்த்துக்கொள்ளும். டெர்மினல் என்றால் வரிக்கு வரி அனுப்பும். பைப் என்றால், யார் அவசரமாகப் பார்க்கப்போகிறார்கள் என்று சேர்த்துவைத்து மூட்டையாக அனுப்பும். என்னிடமிருந்த பைத்தான் ஏறக்குறைய 8 கேபி சேரும்வரை வைத்திருந்தது. ஒரு வரி நாற்பது தமிழ்க் குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக வரிக்கு 120 பைட். எட்டாயிரத்து சொச்சத்தை 120ஆல் வகுத்தால் அறுபத்தெட்டு வரி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிழைச்செய்தி வாயில் பொதுவாக இப்படிச் சேர்த்துவைக்காது, அதனால்தான் டெசராக்ட் தப்பித்தது. என் ஸ்கிரிப்டை 'சேர்த்துவைக்காதே' என்ற ஒற்றை விருப்பத்தோடு துவக்கியதும் சரியானது. பிறர் எழுதிய புரோகிராமாக இருந்தால் இவ்வளவு எளிதில்லை. சிலவற்றில் அதற்கென்று ஒரு விருப்பம் இருக்கும், லினக்ஸில் சிலவற்றை வெளியிலிருந்தே வற்புறுத்தலாம். எதுவும் பலிக்கவில்லையென்றால் பைப்புக்குப் பதில் போலி டெர்மினல் ஒன்றைக் கொடுத்து ஏமாற்ற வேண்டும். விண்டோஸில் அந்த வசதி 2018இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டில்தான் முறையாக வந்தது.

இனிதான் சித்தப்பா கண்டுபிடித்த பிழை. என் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

"தம்பி, ஒவ்வொரு ரெண்டு மூணு பக்கத்துக்கும் ஒரு எழுத்து மட்டும் கறுப்பு டைமண்டா வருது. உள்ளே கேள்விக்குறி. அது என்ன கண்ணேறு கழிக்கிற பொட்டா?"

ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) செய்த தவறு என்றுதான் முதலில் சொன்னேன். "இல்லப்பா, மூலத்துல அந்த எழுத்து பளிச்சுன்னு இருக்கு" என்று அவர் படமெடுத்து அனுப்பினார். பார்த்தால், தமிழ் யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் (எழுத்தைப் பைட்டாக்கிச் சேமிக்கும் முறை) மூன்று பைட். நான் பைப்பிலிருந்து 4,096 பைட் 4,096 பைட்டாக அள்ளி, அள்ளிய ஒவ்வொரு கையளவையும் உடனே எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். 4,096ஐ மூன்றால் வகுத்தால் 1,365, மீதி ஒன்று. நடுவில் வரும் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் ஒரு பைட் என்பதால் வெட்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே விழுந்தாலும் ஒரு எழுத்தின் நடுவில் விழ நிறைய வாய்ப்பு. தலை ஒரு கையில், உடம்பு அடுத்த கையில். இரண்டும் தனித்தனியே அர்த்தமில்லாததால் அந்தக் கறுப்பு வைரம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலத்தில் எழுதிச் சோதிக்கிறவர்களுக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது. நானும் சோதனைக்கு வைத்திருந்தது ஆங்கிலக் கோப்புதான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். திருத்தம் சின்னது. வெட்டுப்பட்ட மீதியை மறக்காமல் அடுத்த கையோடு சேர்த்துப் படிக்கும் டிகோடர் பைத்தானிலேயே இருக்கிறது.

அதைத் திருத்தியதும் அதன் தம்பி வந்தான். இப்போது கறுப்பு வைரம் இல்லை, ஆனால் சில வரிகள் ஒரு புள்ளிவட்டத்தின் முன்னால் நின்ற கொம்போடு தொடங்கின. "கெ" என்பது நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடுக்கு ககரமும் கொம்புமாக இரண்டு. பைட் உடையாவிட்டாலும் ககரம் ஒரு கையிலும் கொம்பு அடுத்த கையிலும் வரலாம். வெறுமனே ஒட்டினால் சேர்ந்துவிடும். ஆனால் நான் பயன்படுத்திய 'கடைசியில் சேர்' என்ற க்யூட்டி செயற்கூறு ஒவ்வொரு முறையும் புதுப் பத்தியாகச் சேர்க்கும். முழு வரி சேர்ந்த பிறகு மட்டுமே திரைக்கு அனுப்புவது என்று மாற்றியதும் போயிற்று.

விண்டோஸில் இன்னொன்று. பைப் வழியாக வந்த தமிழை விண்டோஸின் பழைய மேற்கத்திய குறியாக்கமாக நினைத்துப் படித்தால் என்ன ஆகும் என்று இணையத்தில் கொஞ்ச காலம் இருந்த எல்லாத் தமிழர்களுக்கும் தெரியும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்ததுமே எனக்கு நிம்மதியாக இருந்தது, தெரிந்த நோய்.

கறுப்புத் திரை விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். கன்சோல் இல்லாத முகப்புப் புரோகிராம் ஒன்று, கன்சோலுக்கென்று எழுதிய கருவியைத் துவக்கினால் விண்டோஸ் அதற்கென்று ஒரு கறுப்பு விண்டோவைத் திறந்துகொடுக்கும். பக்கத்துக்கு ஒரு ப்ராசஸ் என்று ஓட்டிய நாட்களில் 300 பக்கத்துக்கு 300 மின்னல். பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு "தாத்தா, வைரஸ்" என்று சொல்லி லேப்டாப்பை அணைத்துவிட்டான். துவக்கும்போது 'விண்டோ வேண்டாம்' என்று ஒரு கொடியைச் சேர்த்தால் போதும்.

அந்தக் கொடியைச் சேர்க்கும் இடத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். யூனிக்ஸில் ப்ராசஸ் பிறப்பது இரண்டு படியில். முதலில் ஃபோர்க், தன்னையே நகலெடுப்பது, அதற்கு ஒரு வாதம்கூட இல்லை. அப்புறம் எக்ஸெக், நகல் தன் வேஷத்தைக் கலைத்துவிட்டு வேறு புரோகிராமாக மாறுவது. விண்டோஸில் ஒரே அழைப்பு, பத்து வாதம். எனக்கு யூனிக்ஸ் வழி அழகாகப் படுகிறது. ஆனால் முகப்புப் புரோகிராமில் ஃபோர்க் செய்துவிட்டு எக்ஸெக் செய்யாமல் இருப்பது நெருப்போடு விளையாட்டு. நகலெடுத்த சைல்டிடம், விண்டோக்களைத் திரையில் காட்டும் சர்வரோடு பேசும் அதே இணைப்பும் இருக்கும், இருவரும் ஒரே ஃபோனில் பேசினால் மறுமுனைக்கு என்ன புரியும்? லினக்ஸில் எனக்கு ஒருமுறை விண்டோ சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது இதனால்தான். மேக்கில் இது இன்னும் மோசம், பைத்தான் 3.8இலேயே அங்கே மல்டிப்ராசஸிங்கின் (வேலையைப் பல ப்ராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மாட்யூல்) வழக்கமான முறையை ஃபோர்க்கிலிருந்து மாற்றிவிட்டார்கள். 3.14இல் லினக்ஸிலும் மாற்றிவிட்டார்கள்.

ஃபோர்க்கே இல்லாத விண்டோஸில் நான் பட்டது வேறு. திருத்தும் ஸ்கிரிப்டைத் தனியாக வைத்திருக்காமல் பைத்தானின் மல்டிப்ராசஸிங் வைத்து உள்ளேயே ஓட்டலாம் என்று புத்திசாலித்தனம் செய்தேன். புரோகிராம் துவங்கியதுமே நான்கு தொழிலாளர் ப்ராசஸ்களைத் தயாராக எழுப்பி வைக்கும். எல்லாவற்றையும் ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டி அனுப்பினேன். அப்படிக் கட்டும்போது சேர்க்க வேண்டிய ஒரு வரியைச் சேர்க்கவில்லை. அந்த வரி இல்லையென்றால், எழுப்பப்பட்ட தொழிலாளிக்குத் தான் தொழிலாளி என்றே தெரியாது, முழுப் புரோகிராமையும் முதலிலிருந்து ஓட்டும். அதாவது ஒரு விண்டோ திறந்து, தன் பங்குக்கு நான்கு தொழிலாளிகளை எழுப்பும்.

"தம்பி, சாளரமா திறக்குதுப்பா. பதினேழு ஆச்சு. இரு... இருபத்தாறு."

"பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க சித்தப்பா."

"எவ்வளவு நேரம்?"

"அணையற வரைக்கும்."

தனி ஸ்கிரிப்டுக்கே திரும்பினேன்.

நிறுத்துவதைப் பற்றித்தான் இன்னும் பேசவில்லை. துவக்குவதை எல்லாரும் எழுதுகிறார்கள், நிறுத்துவதைக் கடைசியில்தான் நினைத்துக்கொள்கிறார்கள். "ரத்து" பட்டனை அழுத்தினால் சைல்டைக் கொல், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தேன். விண்டோவும் மூடியது. ஆனால் "மூடிட்டேன், ஆனாலும் உள்ளே ஃபேன் இரையுது" என்றார். டாஸ்க் மேனேஜரைத் திறக்க வைத்தேன். மூன்று டெசராக்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொன்றது நடுவில் இருந்த ஷெல்லை, அதாவது கட்டளையை வாங்கி அவற்றைத் துவக்கிவைத்த புரோகிராமை. அதற்குக் கீழே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பன் செத்தால் பிள்ளையும் சாகும் என்ற விதி விண்டோஸிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. லினக்ஸில் அனாதையான ப்ராசஸைப் பொதுவாக ஒன்றாம் எண் ப்ராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும், அது பாட்டுக்கு ஓடும். எனவே அங்கே சைல்டைத் துவக்கும்போதே அதற்குத் தனிக் குழு ஒன்றை அமைத்துவிட்டு, நிறுத்தும்போது மொத்தக் குழுவுக்கும் சிக்னல் (இயங்குதளம் வழியாக ப்ராசஸுக்குப் போகும் சின்ன உத்தரவு) அனுப்ப வேண்டும். விண்டோஸில் ஜாப் ஆப்ஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் எல்லாரையும் போட்டு, 'கைப்பிடி மூடப்பட்டால் உள்ளே இருப்பவர்களைக் கொல்' என்று அமைத்துவிட்டால், முகப்பே அகால மரணம் அடைந்தாலும் இயங்குதளம் சுத்தம் செய்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸ் வழி எனக்கு யூனிக்ஸைவிட நேர்த்தியாகப் படுகிறது. யூனிக்ஸ் நண்பர்கள் மன்னிக்கவும்.

எதிர்த்திசையிலும் ஒரு தொல்லை உண்டு. சைல்டு செத்தும், அது எப்படிச் செத்தது என்று அப்பன் கேட்டு வாங்காவிட்டால், யூனிக்ஸில் அது ஸோம்பியாகப் பட்டியலில் நிற்கும். நினைவகத்தையோ சிபியூவையோ தின்னாது, பட்டியலில் ஒரு வரி மட்டும். ஒன்றிரண்டால் பாதகமில்லை. நாள் முழுக்க ஓடும் முகப்பில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் பார்க்கவே அசிங்கம்.

கொல்வதிலும் பக்குவம் வேண்டும் என்று தெரிந்தது வேறொரு வேலையில். ஊர்த் திருவிழா வில்லுப்பாட்டை எடுத்த பழைய வீடியோக்களை எம்பி4 ஆக மாற்ற இதே முகப்பில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஓடியபிறகு போதும் என்று ரத்து செய்தார், அதுவரை வந்ததைத் திறந்தால் எந்த பிளேயரும் ஏற்கவில்லை. எம்பி4 கோப்பின் அட்டவணை சாதாரணமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கழுத்தை அறுத்தால் அட்டவணை இல்லாத ஒரு ஜிபி குப்பைதான் மிஞ்சும். லினக்ஸில் மரியாதையான சிக்னலை அனுப்பினால் அது அட்டவணையை எழுதிவிட்டு விடைபெறும். விண்டோஸில் 'டெர்மினேட்' என்றால் மரியாதை கிடையாது, அந்தக் கணமே காலி. அங்கே நல்ல வழி, எஃப்எஃப்எம்பெக்கின் உள்ளீட்டில் 'க்யூ' என்ற எழுத்தை எழுதுவது. கீபோர்டில் நாம் அழுத்தினால் என்ன செய்யுமோ அதையே செய்யும். அதன் உள்ளீட்டை நீங்கள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் அதை மூடிவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு வரவேண்டிய கீபோர்டு எழுத்துகளை அது தின்னப் பார்க்கும்.

இவ்வளவு தொல்லைக்கு டெசராக்டை நூலகமாக உள்ளேயே இணைத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு மலரில் ஒரு பக்கம் ஸ்கேன் பாதியில் சிதைந்துபோயிருந்தது. பக்கத்துக்கு ஒரு டெசராக்ட் என்ற முறைக்கே அப்போது திரும்பியிருந்தேன்; அந்தப் பக்கத்தைப் படிக்கப்போன ப்ராசஸ் செத்தது. என் முகப்பில் அந்தப் பக்கத்தின் வரி மட்டும் சிவப்பானது, அடுத்த பக்கம் ஓடியது. உள்ளே இணைத்திருந்தால் முழு விண்டோவும், அதுவரை சித்தப்பா உட்கார்ந்து திருத்திவைத்த வரிகளும் சேர்ந்து போயிருக்கும். குரோம் 2008இல் வரும்போதே ஒரு தளம் விழுந்தால் மற்றவை விழக்கூடாது என்று தனித்தனி ப்ராசஸ்களோடு வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் பல வருடம் உழைத்து 2016இல் 48ஆம் பதிப்பில்தான் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. நினைவகம் அதிகம் தின்னும், பேச்சுவார்த்தைக்குக் குழாய் போட வேண்டும், எல்லாம் உண்மை. இருந்தும் என் வாக்கு தனி ப்ராசஸுக்குத்தான்.

ஒரே ஒரு இடத்தில் பேராசைப்பட்டேன். சிபியூவில் நான்கு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) இருக்கிறதே, நான்கு டெசராக்டை ஒரே நேரத்தில் ஓட்டினேன். ஒன்றை ஓட்டியதைவிட மெதுவாக ஓடியது. நான்காம் பதிப்பிலிருந்து டெசராக்ட் ஒவ்வொன்றும் தானாகவே நான்கு த்ரெட் வரை போட்டுக்கொள்ளும், ஆக நான்கு கோருக்குப் பதினாறு பேர் முட்டிமோதினார்கள். ஆளுக்கு ஒரு த்ரெட் என்று ஒரு சூழல் மாறியை (புரோகிராமைத் துவக்கும்போது கூடவே கொடுக்கும் அமைப்பு) வைத்துக் கட்டுப்படுத்தியதும் பறந்தது. இப்போது மூன்றுதான் ஓட்டுகிறேன், நான்காவது கோர் டீ மாஸ்டருக்கு.

இன்றைக்கு ஓடுவது க்யூட்டியின் சொந்த க்யூப்ராசஸ். த்ரெட்டே தேவையில்லை. 'ஏதோ பேசியிருக்கிறது, வந்து படி', 'முடிந்துவிட்டது, இப்படி முடிந்தது' என்று அதே லூப்பின் வரிசையில் செய்தியாக வந்து நிற்கும். முதல் நாளே இதை எடுத்திருந்தால் பாதி ஞாயிறுகள் மிச்சம். இதிலும் இரண்டு குழி உண்டு. 'முடியும்வரை காத்திரு' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது, சும்மா அழைத்தால் 30 விநாடி வரை நிற்கும், முகப்பில் அழைத்தால் மறுபடி வெளுப்பு. இன்னொன்று, பைத்தானில் அந்தப் பொருளை உள்ளூர் மாறியில் வைத்துவிட்டு செயற்கூறு முடிந்துபோனால், குப்பை என்று அள்ளிவிடும். ப்ராசஸ் ஓடும்போதே அழிக்கப்பட்டது என்று ஒரு வரி எச்சரிக்கை வரும், சைல்டும் போய்விடும். விண்டோவின் மேலேயே அதைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டும்.

போன மாதம் சித்தப்பா புதிதாக ஒன்று கேட்டார், "நடுவுல நிறுத்திவைக்க ஒரு பட்டன் வேணும்ப்பா, சாப்பிட்டு வந்து தொடரணும்." லினக்ஸில் உறையவைக்க ஒரு சிக்னல், எழுப்ப ஒரு சிக்னல். விண்டோஸில் அப்படி நேரடியாக ஒன்றுமில்லை. அதனால் அடுத்த பக்கத்தை அனுப்பாமல் இருப்பதுதான் என் நிறுத்திவைத்தல். ஓடும் பக்கம் முடியும், அப்புறம் நிற்கும். அதை விளக்கி ஒரு பட்டன் வைத்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். ஆனால் பக்கத்தில் இருந்த "ரத்து" அவருக்குப் பிடிக்கவில்லை, அது தமிழில்லையாம். இப்போது இரண்டு பட்டன்களும் அவர் சொன்னபடி இருக்கின்றன: "இந்தப் பக்கத்தோடு நிறுத்து", அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, "கைவிடு".